மருமகள் கேட்ட பாக்கெட்

அந்தத் தெருவில் அவரை ‘வயசென்ன’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது கடை உரிமத்தில் இருந்தது, மின்கட்டண ரசீதில் இருந்தது, மற்றபடி யாருக்கும் தேவைப்படவில்லை. சிகரெட் கேட்டு யார் வந்தாலும் கை அலமாரிப் பக்கம் போவதற்குள் அவர் வாய் கேட்டுவிடும்: வயசென்ன?

மீசை அரும்பாத பையனிடம் கேட்டால் சரி. தலையில் ஒரு முடிகூடக் கறுப்பில்லாத தபால்காரரிடமும் கேட்டார். அவர், ரிடையர் ஆகிற காகிதம் வந்ததும் கொண்டுவந்து காட்டுகிறேன், அதுவரைக்கும் கடனாகவாவது நம்பு என்றார். இடுப்பில் குழந்தையோடு வந்த ஒரு பெண், “வயசு எனக்கா, இவனுக்கா?” என்று கேட்டாள். தெருவே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சட்டம் அப்படி, கேட்டே ஆகணும் என்று சொல்லிவிட்டு, அவள் பதினெட்டைத் தாண்டியவள் என்று வாயால் சொன்ன பிறகுதான் பாக்கெட்டை எடுத்தார்.

பையன்கள் சொல்கிற பொய்களிலேயே பழையது, ‘அப்பாவுக்கு’ என்பது. பாதி நேரம் அது பொய்யாகவும் இருக்காது. அதற்கு அவரிடம் ஒரே பதில்தான்: அப்பாவையே வரச் சொல்லு. அப்பாக்கள் வந்தார்கள், சண்டைக்கு. குளித்த தலையைத் துவட்டக்கூட இல்லாமல் ஓடிவந்த ஒருவர், “என் பிள்ளை, என் காசு, என் சிகரெட். நடுவுல உனக்கு எங்கய்யா வலிக்குது?” என்று கேட்டார். இவர் அவருக்கு வேண்டியதை அவர் கையிலேயே கொடுத்து, மீதிச் சில்லறையையும் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த வீட்டிலிருந்து அப்புறம் பையன் வரவில்லை. அப்பாவே வந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

இத்தனை கண்டிப்புக்கு ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. கடையை அவருக்கு விற்றுவிட்டுப் போன ஆள், போவதற்கு முன் ஒரு தடவை பள்ளிக்கூடப் பையனுக்கு விற்று மாட்டியிருந்தான். விற்கும்போது அதை மட்டும் சொல்ல மறந்துவிட்டான். குற்றம் ஆளோடு போவதில்லை, கடையோடு ஒட்டிக்கொள்கிறது என்பது இவருக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்னொரு முறை மாட்டினால் புகையிலை உரிமம் போய்விடும், திரும்ப வராது. கடையோ தெருமுனையில் ஒரு ஒற்றை அறை. ரொட்டி, பால், சோப்பு, பேப்பர், செல்போன் ரீசார்ஜ் என்று எல்லாம் இருந்தாலும், ஆட்களைக் காலைப் பிடித்து இழுத்துவந்தது சிகரெட்தான். அதற்கு வருகிறவன் போகிற போக்கில் ரொட்டியும் வாங்குவான். ரொட்டிக்கென்றால் பெரிய கடைக்குப் போய்விடுவான்.

ஊருக்குச் சொல்லாத காரணம் அவருடைய அப்பா. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த மனுஷன். ஒன்றை அணைத்து ஒன்றைப் பற்றவைத்தே காலத்தை ஓட்டியவர். கடைசி இரண்டு வருஷம் அவரால் படுத்துத் தூங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி, மேசையில் ஒரு தலையணையை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குவார். மேசையில் விழுந்து கிடக்கிற அந்தப் பிடரியைப் பார்த்துக்கொண்டே மகன் வேலைக்குக் கிளம்புவான். வேலை என்னவென்றால், சைக்கிளில் கடை கடையாகச் சிகரெட் போடுவது, சாயங்காலம் பழைய பேட்டையில் ஒரு பெட்டிக்கடை; அங்கேயும் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில்லை. வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றபோது வயசாகிவிட்டது.

அவர் மனைவி இதைக் குத்திக்காட்டத் தவறியதே இல்லை. நரகத்தில் உங்களுக்கென்று தனியாக ஒரு அலமாரி அடித்து வைத்திருப்பார்கள் என்பாள். அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன் என்பார் இவர். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் இப்படித்தான் பேச்சு ஓடும். கடையையும் இருவரும் மாற்றி மாற்றித்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அப்பா செத்த அன்று நடந்ததையும் சொல்லவேண்டும். வாசலில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன், டாக்சி ஓட்டுகிறவர், கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பாக்கெட்டைப் பிரித்தார். பச்சைக்கோடு போட்ட பாக்கெட், அவருடைய வழக்கமான சரக்கு. இவருக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, போய் ஒரே தட்டு. பாக்கெட் சாக்கடையில் விழுந்தது. ஒரு ஆளைக் கொண்டுபோனது போதாதா என்று எல்லார் எதிரிலும் கத்தினார். மாப்பிள்ளை குரலை உயர்த்தவில்லை. “நீங்க விக்காததையா நான் பிடிக்கிறேன்?” என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே போய்ப் பெண்டாட்டியையும் பிள்ளையையும் கையைப் பிடித்து எழுப்பி, டாக்சியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். உடம்பை எடுப்பதற்கு முன்னால்.

பாக்கெட்டைத் தட்டியதைத் தங்கச்சி மன்னித்திருப்பாள். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போனதை மன்னிக்கவில்லை. புருஷனிடம் காட்ட முடியாத கோபத்தையும் சேர்த்து அண்ணன் மேலேயே வைத்துக்கொண்டாள். அதோடு போக்குவரத்து நின்றது. இவர் ஒரு தடவை அந்த வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திரும்பி வந்தார். பிறகு பழைய பேட்டையை விட்டு இந்தக் கடைக்கு மாறி வந்ததும், எங்கே இருக்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

தங்கச்சியின் மகள் அதுவரை பாதி நாள் மாமா வீட்டில்தான் வளர்ந்தாள். பிஸ்கட் டின் மேல் ஏறி உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். குருவி என்று கூப்பிடுவார்கள். சண்டை நடந்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

ஏழு வருஷம் கழித்து, ஒரு வெயில் நேரம். மனைவி சரக்கு எடுக்க மொத்தக் கடைக்குப் போயிருந்தாள். உயரமான ஒரு பெண் படியேறி உள்ளே வந்தாள். இவர் வழக்கம்போலக் கேட்க வாயெடுத்தவர், புருவத்தைக் குறுக்கே வெட்டியிருந்த தழும்பைப் பார்த்து நின்றார். பழைய கடைப் படியில் தடுக்கி விழுந்து வாங்கிய காயம். தையல் போடும்போது மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

“குருவிதானே நீ?”

பெண்ணின் முகத்தில் ரத்தமே இல்லை. மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிக்கிறவளைப்போல, “ஒரு பச்சைக்கோடு பாக்கெட் கொடுங்க” என்றாள்.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. மனசுக்குள் எல்லாம் தானாகவே பொருந்திவிட்டது. மாப்பிள்ளை எப்படியோ கடையைக் கண்டுபிடித்துவிட்டார். நேரில் வர ரோஷம் விடவில்லை. மகளை அனுப்பி, நீ தட்டிவிட்டதை நீயே எடுத்துக் கொடு என்று கேட்கிறார். வீம்பு பிடித்த ஆள் சமாதானத்துக்கு வருவதென்றால் இப்படித்தான் வருவான். தானும் அதே ஜாதி வீம்பு என்பதால் அவருக்கு அது நன்றாகவே புரிந்தது, புரிந்ததாக நினைத்தார். அந்த வீட்டுக்கா, ‘அப்பாவையே வரச் சொல்லு’ என்று சொல்லி அனுப்புவது? ஊரெல்லாம் கேட்ட வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

அப்பா அனுப்பினாரா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள். கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்து, மேலே இருந்த தூசியைச் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். கூடவே ஒரு பெரிய சாக்லேட். அம்மா எப்படி இருக்கிறாள், எந்த வகுப்புப் படிக்கிறாய், அத்தை இப்போது வந்துவிடுவாள், கொஞ்சம் இரு என்று பேசிக்கொண்டே போனார். அவள் நீட்டிய நோட்டைத் திருப்பித் தள்ளினார். மாமன் கடையில் யாராவது காசு கொடுப்பார்களா? அவள் சாக்லேட்டைத் தொடவில்லை. நோட்டைக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, பாக்கெட்டோடு வெளியே போய்விட்டாள்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அது போவதற்குள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு அம்மாள் உள்ளே வந்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட அதே பாக்கெட்டை மேசையில் வைத்தாள்.

அந்த அதிகாரி மரியாதையான மனுஷி. பதினெட்டு நிரம்பாதவர்களுக்குக் கடைகள் விற்கின்றனவா என்று சோதிக்க, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெற்றோரில் ஒருவர் சம்மதத்தோடு அனுப்பி வாங்கிப் பார்ப்பது அவள் வேலை. வயசைக் கேட்டால் பிள்ளைகள் உண்மையைத்தான் சொல்லவேண்டும், பெரியவள்போல வேஷம் போடக்கூடாது, தெரிந்தவர் கடைக்குப் போகக்கூடாது, விதிமுறை அப்படி. இதையெல்லாம் விளக்கிவிட்டு, உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம், இந்தக் கடையில் நடக்காது என்றுதான் நினைத்தோம் என்றாள். அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

“எல்லாரையும் கேட்பீங்களாமே. இன்னிக்கு ஏன் கேட்கலை?”

எதிர்ப்பக்கம் ஒரு கார் நின்றது. பின்சீட்டில் ஒரு பின்னல் மட்டும் தெரிந்தது. தலை திரும்பவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி திரும்பவும், அந்தப் பெண் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்தவளா, தெரிந்தவள் என்றால் சோதனையே செல்லாது, இப்போதே சொல்லிவிடுங்கள் என்றாள். விசாரணையில் சொல்கிறேன் என்றார்.

மனைவி வந்து கேட்டதும் முதலில் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். வந்தவள் யாரென்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டுச் சிரித்தேவிட்டாள். அப்புறம் என்ன, சொந்தத் தங்கச்சி மகள், ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் முடிந்தது. பெட்டியைக் குடைந்து, பிஸ்கட் டின் மேல் குருவி உட்கார்ந்திருக்கிற போட்டோவை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவருக்கும் அதுதான் சரி என்று பட்டது. அந்த வீட்டு ஆள் தன்னைப் பொறி வைத்துப் பிடித்துவிட்டார் என்ற எரிச்சல் வேறு உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

விசாரணைக்குச் சில நாள் முன்னால், பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில், குருவி பள்ளி உடுப்போடு வந்து கடைக்குப் பக்கவாட்டில் நின்றாள். அத்தை பார்த்துவிட்டு, எழுந்து பின்பக்கம் போய்ப் பால் பெட்டிகளைத் தேவையில்லாமல் நகர்த்தினாள்.

“நீங்க குடுக்க மாட்டீங்கன்னு நினைச்சேன் மாமா” என்றாள் பெண். “யார் கேட்டாலும் அண்ணன் சின்னப் பசங்களுக்குக் குடுக்காதுன்னு அம்மா சொல்லும். நீங்க இல்லன்னு சொல்லிடுவீங்க, நான் வெளிய போயிடுவேன், யாருக்கும் ஒண்ணும் தெரியவேண்டாம்னு நினைச்சேன்.”



“அப்போ அப்பா அனுப்பலையா?”

“அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது. அம்மாகிட்ட மட்டும்தான் கையெழுத்து வாங்கினேன். எந்தெந்தக் கடைன்னு அம்மாவுக்குத் தெரியாது.” பையின் வாரை முறுக்கிக்கொண்டே சொன்னாள். “அப்பா இப்போ பிடிக்கிறதில்ல மாமா. பிடிக்க முடியாது. டாக்சியையும் குடுத்தாச்சு. மேசையில தலையணை வச்சு, அதுமேல சாஞ்சுதான் தூங்குறாரு.”

அவர் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடினார். தராசு கைக்கு வந்தது.

ஏன் பச்சைக்கோடு கேட்டாய் என்றார். எனக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான் என்றாள்.

மீதியைக் கோர்வையில்லாமல் சொன்னாள். கடைக்குள் வந்த பிறகுதான் மாமா கடை என்று தெரிந்தது. வெளியே ஓடியிருக்கலாம், கால் வரவில்லை. காரில் அந்த அம்மாள், கடைக்காரர் தெரிந்தவரா என்று கேட்டபோது, பயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டாள். இப்போது போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். என்ன ஆகும் என்பதை அவள் நன்றாக யோசித்துத்தான் வந்திருந்தாள். அவளை அனுப்பிய மற்றக் கடைகளின் கேஸும் ஆட்டம் காணும். அதில் ஒன்று அவள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற கடை. பாக்கெட்டைப் பிரித்து ஒற்றை ஒற்றையாக, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட விற்கிற கடை. அங்கே போய் வாங்கினவள் அவள்தான். சாட்சியும் அவள்தான். அந்தக் கடைக்காரன் வக்கீல் வைத்திருக்கிறான். ஒரு இடத்தில் பொய் சொன்ன பெண் என்று தெரிந்தால் அவன் இரண்டாவது நாளே கடையைத் திறந்துவிடுவான்.

பின்பக்கம் பால் பெட்டி நகர்கிற சத்தம் நின்றிருந்தது.

நீ ஒன்றும் போய்ச் சொல்லவேண்டாம், பரீட்சைக்குப் படி என்று சொல்லி அனுப்பினார். இந்தப் பக்கம் இனி வரவேண்டாம், யாராவது பார்த்தால் வம்பு என்றும் சொன்னார். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று வீட்டில் நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. மனைவி ஒருத்தியே பேசினாள். உங்கள் தங்கச்சி குடும்பம் ஏழு வருஷமாக நாம் செத்தோமா பிழைத்தோமா என்று பார்க்கவில்லை. அந்தப் பெண் நம் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கடை போனால் இந்த வயசில் யார் நமக்குச் சோறு போடுவது? ஊர்ப் பிள்ளைகள் புகைபிடித்தால் நமக்கென்ன, நாம்தானே இத்தனை காலம் அவர்கள் அப்பன்களுக்கு விற்றோம்? எல்லாமே நியாயமான கேள்விகள். கடைசியாக, அந்தக் கடைக்காரனுக்காக நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். அவள், நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் நான் திறப்பேன் என்றாள்.

விசாரணை நடந்த அறையில் ஒரு நீள மேசையும் சத்தம் போடுகிற ஒரு மின்விசிறியும் இருந்தன. அதிகாரியோடு அவளுக்கு மேலே ஒருவர். மனைவி மடியில் கைப்பை. அதன் கொக்கியின் மேல் அவள் கட்டைவிரல்.

மேலதிகாரி வாசித்ததை எல்லாம் இவர் ஒப்புக்கொண்டார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றார்கள். இல்லை என்றார். அதிகாரி அம்மாள் விடவில்லை. அவள் அவரைக் காப்பாற்ற ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

“அன்னிக்கு விசாரணையில சொல்றேன்னீங்க. அந்தப் பொண்ணை முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது.”

“அப்போ ஏன் வயசு கேட்கலை?”

“கேட்கத் தோணலைம்மா. அசந்துட்டேன்.”

மின்விசிறி சுற்றியது. கைப்பையின் கொக்கி ஒருமுறை ‘டக்’ என்று திறந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி பைக்குள் கையைவிட்டாள், கைக்குட்டையை எடுத்தாள், முகத்தைத் துடைத்தாள், பையை மூடினாள்.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவரிடம் பேசவில்லை. அன்று மட்டுமல்ல, உரிமம் போய் அலமாரியைக் கழற்றின நாளிலும் பேசவில்லை. ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை அவள் பிடித்தாள். சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் பழைய வெள்ளையாக இருந்தது. அதன்மேல் சோப்பு விளம்பரம் ஒன்றை ஒட்டினாள்.

கடை விழ ரொம்ப நாள் எடுக்கவில்லை. ஆட்கள் தெருவின் மறுகோடிக் கடைக்குப் போகப் பழகினார்கள். தபால்காரர் மட்டும் கொஞ்ச நாள் வேண்டுமென்றே வந்து பேப்பர் வாங்கினார். பிறகு அவரும் ரிடையர் ஆகிப் போனார். ரொட்டி காய்ந்தது, பால் திரிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கடையைப் பூட்டிவிட்டார்கள் என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்தது. அவர் அதை மனைவி கண்ணில் படும்படி மடித்து வைத்தார். அவள் அதில் பெருக்கின குப்பையை அள்ளிப் போட்டாள்.

கடையை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அவர் ஒரு துணி கோடவுனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். பகல் வேலைதான். வாசலில் ஒரு ஸ்டூல். உள்ளே புகைபிடிக்கக்கூடாது என்று ஒரு போர்டு. மனைவி பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து தையல் வேலைக்குப் போனாள். அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள். சாப்பிட வாங்க, குடை எடுத்துக்கிட்டீங்களா, அந்த அளவுக்கு.

ஒரு காலை கோடவுனுக்குப் போகிற வழியில், பஸ் ஸ்டாப்பில் சித்தப்பா மகனைப் பார்த்தார். இரண்டு வீட்டோடும் முறைத்துக்கொள்ளாத ஒரே சொந்தம் அவன்தான், வெளியூரிலிருந்து சமீபத்தில்தான் திரும்பியிருந்தான். அவன் இவரைப் பார்த்ததும் தர்மசங்கடமாகச் சிரித்தான். கடை விஷயம் கேள்விப்பட்டேன் என்று இழுத்தான். பிறகு, மனசில் வைத்துக்கொள்ள முடியாத ஆள் என்பதால் சொல்லியும்விட்டான்.

“தங்கச்சிக்குத்தான் ரொம்ப வருத்தம்ணே. ‘காசுக்காக எங்க அண்ணன் சின்னப் பிள்ளைங்களுக்கு வித்திருக்காரே’ன்னு சொல்லி அழுதுச்சு. மாப்பிள்ளை அதைக்கூடச் சொல்லலை. ‘எனக்கு அன்னிக்கே தெரியும்’னு மட்டும் சொன்னாரு.”

பக்கத்தில் குருவி இருந்தாளா என்று அவர் கேட்டார்.

“அது இருந்துச்சு. அதுவும் ஒண்ணும் சொல்லலை. எழுந்து உள்ள போயிடுச்சு.”

பஸ் வந்தது. கூட்டம் நெருக்கியது. அவர் படியில் ஒரு காலை வைத்தவர், கம்பியைப் பிடித்தபடியே திரும்பினார்.

“மாப்பிள்ளைக்கு மூச்சு எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்குண்ணே. இப்போ பேசுறதும் குறைஞ்சுபோச்சு.”

நாற்காலியில் முதுகுப்பக்கம் ஒரு தலையணை கொடுக்கச் சொல், முன்னால் மட்டும் வைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்றார். யார் சொன்னது என்று சொல்லவேண்டாம் என்றும் சொன்னார். கண்டக்டர் விசில் அடித்தான். பஸ் நகர்ந்தது. சித்தப்பா மகன் கீழே நின்று தலையாட்டினான். சொல்வானோ மாட்டானோ, அவன் முகத்தை வைத்து ஒன்றும் தெரியவில்லை.